நடுதலும் ஆற்றுதலும்

குறுந்தொகையின் 361ஆம் பாட்டு ஆறே அடிகளால் ஆயது, குறிஞ்சித் திணையினது, கபிலர் பாடியது. அதன்கண் தலைவி தோழியை விளித்துத் தன் அன்னையின் பெருமையைக் கூறுகின்றாள். தலைவனது மலையில் மாலைப்பொழுதில் மழை பெய்தது. அந்நீர் நறுமணத்தோடு பெருகி இழிந்து மறுநாட் காலையில் இவள் ஊர்ப்பக்கம் வந்தது. வருங்கால் ஒரு காந்தட் செடியை அடியோடு பெயர்த்துக் கொணர்ந்தது. தலைவி அதனை எடுத்தாள். மெல்லிய இலைகள் குழையும் வண்ணம் தழுவினாள். பின்னர் வீட்டிற்குக் கொண்டுசென்று நட்டாள். இவ்விரண்டு செயலையும் அன்னை விலக்கவில்லை. விலக்காத அதற்குக் கைம்மாறாக மேலுலகமே கொடுப்பினும் அது சிறிதாம் என்பது தலைவியின் கூற்று.

இப்பாட்டினை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. செடி நடுதல், நீர் வார்த்தல், களை நீக்குதல் ஆகிய தோட்டத் தொழில்களை உள்ளத்தின் நோய்க்கும் உடலின் தளர்ச்சிக்கும் உரிய சிகிச்சையாகக் கொண்டு, பயிற்சி பெற்றோர் வழிநடத்தும் ஒரு துறை மேனாடுகளில் வளர்ந்துள்ளது. அதனைத் தோட்டச் சிகிச்சை என்று இக்கட்டுரையில் வழங்குவோம். அத்துறையைப் பற்றித் தமிழில் பேசுவோர் சிலர், நம் முன்னோர் இதனை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பர். சான்று கேட்பின், திணைகள் பூப்பெயர் பெற்றமையையும், பாரி முல்லைக்குத் தேர் ஈந்தமையையும் காட்டுவர். திணை பூப்பெயர் பெறுதல் வேறு, பூவினால் நோய் ஆறுதல் வேறு. பாரி முல்லைக்கு இரங்கினான் என்று அறிவோம். முல்லையால் பாரியின் துயர் யாதும் தணிந்தது என்று யாண்டும் கேட்டிலம். இவர்க்கு மறுதலையாக, பாட்டினைப் பழைய முறையிற் பயின்றோர் பலர், தலைவன் மலையிலிருந்து வந்த பொருளைக் கண்டு தலைவி ஆறினாள் என்னும் ஒரு தொடரோடு அமைந்துவிடுவர். இவ்விரு சாராரும் பாட்டின் சொற்களை விட்டு விலகினர் என்பது எம் கருத்து. அவள் கண்டு ஆறினாள் அல்லள், நட்டு ஆறினாள். இவ்வேறுபாடு சிறிதன்று.

முதற்கண் துறையை நோக்குவோம். வரைவு மிக்கு நெருங்கிய காலத்தே, இதுகாறும் நன்கு ஆற்றியிருந்தாய் என்று பாராட்டிய தோழிக்குத் தலைவி விடையிறுத்தாள் என்று துறைக்குறிப்பு கூறும். துறைக்குறிப்பு வகுத்தவர் கபிலர் அல்லர், பிற்காலத்தார். ஆகவே அதனைப் பாட்டின் பகுதியாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் அக்குறிப்பு ஒரு நல்ல தொண்டு செய்துள்ளது. பாட்டில் மழை பெய்தமையும் காந்தள் வந்தமையுமே இறந்தகாலச் சொற்களாற் கூறப்பட்டன. தலைவியின் செயல்கள் முயங்கல், நடுதல் என்னும் தொழிற்பெயர்களாக நிற்கின்றன. அன்னையின் செயலோ காலங்காட்டாத எதிர்மறையினின்று பிறந்த பெயராக நிற்கின்றது. எனவே பாட்டினை மட்டும் கொண்டு நோக்கின், இவை ஒருமுறை நிகழ்ந்தனவோ, மழைதோறும் நிகழ்ந்தனவோ, இன்னும் நிகழ்கின்றனவோ என்று துணிய இயலாது. துறை வகுத்தவர் இதனை நோய்க்காலம் கடந்தபின் திரும்பி நோக்கிக் கூறும் சொல்லாக்கினர். நோயுற்றார் ஒருவர், நோய் நீங்கியபின், தமக்கு உதவியது யாது என்று தாமே கூறும் சான்றாக இப்பாட்டு அமைந்தது அவ்வாற்றான்.

ஆற்றுதல் என்னும் சொல் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அகப்பொருள் மரபில் தலைவியின் நிலை நோய் எனவே பெயர் பெறும். அந்நோய்க்குத் தீர்வு வரைவு ஒன்றே. தோழியாயினும் அன்னையாயினும் அதனைத் தீர்த்தல் இயலாது. தீரும்வரை பொறுக்கச் செய்தலே இயலும். அதற்கு ஆற்றுவித்தல் என்று பெயர். சூடான பாலை ஆற்றுகிறோம், புண் ஆறுகிறது, துயரை ஆற்றுகிறோம். மூன்றிலும் காலம் கடத்தல் என்னும் பொருள் உள்ளது. பாலினின்று சூடு உடனே அகற்றப்படுவதில்லை; அது தானே தணிதற்கு இடங்கொடுக்கப்படுகிறது. இக்காலத் தோட்டச் சிகிச்சையாளருள் நிதானம் உடையோர் தம் தொழிலைப் பற்றிக் கூறுவதும் இதுவே. அவர்கள் நோய் தீர்ப்போம் என்று உறுதி கூறுவதில்லை. மருத்துவரோடு இயைந்து, நோயாளி காலத்தைத் தாங்குதற்குத் துணை செய்வோம் என்பர். சிகிச்சை என்னும் வடசொல்லினும் ஆற்றுதல் என்னும் தமிழ்ச்சொல் அத்துறைக்குப் பொருந்துவது என்று யாம் கருதுவதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டும் அன்று.

இனி, தலைவியின் நோய்க்கு அக்காலத்தார் செய்த வேறு முறையை நோக்குதல் வேண்டும். அது வெறியாட்டு. குறுந்தொகையில் 361ஐ அடுத்து நிற்கும் 362ஆம் பாட்டு வெறியாட்டைப் பற்றியதே. வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடிய அதில், தோழி வேலனை நோக்கி ஒன்று வினவுகின்றாள். பல நிறச் சோற்றோடு ஆட்டுக்குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கின்றாயே, இவளை வருத்திய மலைநாடனது மார்பும் அப்பலியை உண்ணுமோ என்பது வினா. தொகுத்தவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தது கருதிச் செய்ததோ தற்செயலோ யாம் துணியோம். குறுந்தொகையின் வைப்புமுறை அவ்வளவு வெளிப்படையானதன்று. எங்ஙனமாயினும், அவற்றை ஒருங்கு வைத்துக் கற்போர்க்கு ஒரே நோய்க்கு இரண்டு முறைகள் எதிரெதிராக நிற்றல் புலனாகும்.

கபிலரே பாடிய குறிஞ்சிப்பாட்டின் தொடக்கமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆண்டு அன்னை, மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாது, ஊரில் அறிவாரை வினவுகின்றாள், தெய்வங்களைப் பரவுகின்றாள், பல பூக்களைத் தூவுகின்றாள், நறும்புகை காட்டுகின்றாள். செய்யாதது ஒன்றில்லை. செய்தும் பயனில்லை. 361ஆம் பாட்டின் அன்னையோ ஒன்றும் செய்திலள். விலக்காமல் இருந்தாள், அவ்வளவே. முன்னவள் தோழியின் இரக்கத்தைப் பெற்றாள். பின்னவள் மகளிடம் வானுலகினும் பெரிய நன்றியைப் பெற்றாள். இரண்டு அன்னையரையும் படைத்தவர் ஒருவரே என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விரு முறைகளிலும் செடி உண்டு. அதுவும் ஒரே செடி உண்டு. வேலன் ஆடும் வெறியாட்டுக்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் காந்தள் என்றே பெயர் வழங்கினார். காந்தள் முருகனுக்கு உரிய பூ. நற்றிணை 34ஆம் பாட்டில், மலைச்சுனைக் குவளையோடு சிவந்த காந்தளைச் சேர்த்துக் கட்டி அணியும் தெய்வமகளிர் வருகின்றனர். அப்பாட்டே, வெறிக்களத்திற்கு வந்த முருகனைக் கடவுளாயினும் அறியாமை உடையை என்று இகழ்ந்து முடிகின்றது. குறிஞ்சிப்பாட்டிலே மகளிர் பறித்துக் குவித்த பூக்களை 99 என எண்ணுவர். அப்பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தள். இவ்விடங்களில் எல்லாம் காந்தள் பறிக்கப்பட்ட பூ, சூடவும் தூவவும் கட்டவும் படுவது, மாலைக்குள் வாடுவது. 361இல் மட்டும் அது அடியோடு கூடிய முழுச்செடி. பூத்திருந்தது என்றுகூடக் கபிலர் கூறினாரல்லர், இலையையே கூறினார். பூவின் அழகிலும் மணத்திலும் பெரும்புலமை உடைய அப்புலவர் இவ்விடத்துப் பூவை ஒழித்தது நினைந்து செய்த செயல் என்றே கொள்ளுகின்றோம். பறித்த பூவை நடமுடியாது.

செடியின் இயல்பு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். காந்தள் மண்ணுக்குள் கிழங்காய்க் கிடந்து மழைக்குத் தழைத்துப் பின் மேற்பகுதி மடியும் கொடி. அதன் இலைநுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருண்டு அடுத்ததைப் பற்றும். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று மக்கள் வழங்குவது இதனையே. இதன் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்னும் கொடிய நச்சுப்பொருள் உண்டு. அளவறிந்து பிரித்தெடுத்தால் கீல்வாத வகையொன்றுக்கு மருந்தாகும். கிழங்கைத் தின்றால் உயிர்க்கு இறுதியாகும். தமிழ்நாட்டில் இன்று இதனை விதைக்காகப் பயிரிடுவோர் உளர். ஆகவே தலைவிக்குக் காந்தள் உதவியது மூலிகை என்னும் முறையில் அன்று. உண்டிருந்தால் கொன்றிருக்கும் செடி அது. மருந்துச் செடியையும் தோட்டச் சிகிச்சையையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இவ்வொரு பாட்டை நன்கு கற்றாலே அம்மயக்கம் ஒழியும். பொருளால் அன்று, செயலால் வந்தது அவள் பெற்ற ஆறுதல்.

எச்செயலால் என்பதே அடுத்த வினா. காட்சியாலா, கைத்தொழிலாலா?

மேனாட்டு ஆய்வுகளிலும் இவ்வினா உண்டு. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பார் 1984இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் குறிப்பேடுகளை அவர் ஆராய்ந்தார். சாளரத்தின் வழியே மரங்களைக் காண வாய்த்தோர் 23 பேர். செங்கற்சுவரையே காண வாய்த்தோர் 23 பேர். முன்னவர் சராசரியாக 7.96 நாளிலும் பின்னவர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். வலிதணிக்கும் கடுமருந்தும் முன்னவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. இது காட்சியின் பயன். படுக்கையிலிருப்போர் மரத்தைக் காண்டலன்றி வேறு யாதும் செய்திலர்.

இதற்கு நிகரான பாட்டும் கபிலரிடம் உண்டு. குறுந்தொகை 249இல், மழை பொழிந்த சாரலையுடைய தலைவனது நாட்டுக் குன்றத்தை நோக்கினேன், என் நெற்றி பண்டு போல் ஆயிற்றோ பார் என்று தலைவி தோழியிடம் கேட்கின்றாள். குன்றத்தை நோக்குதலே ஆண்டு மருந்து. ஆயினும் அவள் கூற்று வினாவாக நிற்றலைக் காண்க. தன் நெற்றியைத் தான் காண இயலாமையால் வினவினாள் என்பர், அது சரியே. ஆனால் ஆறினேன் என்று தானே கூறும் உறுதியும் அவளுக்கில்லை. காட்சியால் வரும் ஆறுதலுக்கு வேறொரு குறையும் உண்டு. அதனைக் கூறுவது கொல்லன் அழிசியின் 240ஆம் பாட்டு. தலைவன் குன்று, கடலில் ஆழும் கப்பல் போலச் சிறிது சிறிதாய் மாலையில் மறைந்தொழிகின்றது. நோய் மிகுவது மாலையில். மருந்து மறைவதும் மாலையில். அப்பாட்டின் முற்பகுதியில் பூக்களுக்குக் குறைவில்லை. கிளியின் அலகு போன்ற அவரைப்பூவும், காட்டுப்பூனையின் பல்லை ஒத்த முல்லையும் அடர்ந்து பூத்துள்ளன. அவற்றால் அவள் ஆறினாளா? இல்லை. வாடையோடு சேர்ந்து அவையும் பொழுதை உணர்த்தி வருத்தும் கூட்டத்தில் நிற்கின்றன. பசுமை எங்கிருப்பினும் ஆறுதல் தரும் என்பார் இப்பாட்டுக்கு விடை கூறுதல் வேண்டும்.

361இல் நிகழ்வது இதன் மறுதலை. மாலையில் பெய்த மழை. காலையில் வந்த செடி. குன்று மறையும் நேரத்திலேயே குன்றிலிருந்து ஒன்று புறப்பட்டது. அது இல்லத்திற்குள் வந்து நிலைபெற்றது. இரவிலும் கையெட்டும் இடத்தில் இருப்பது அது.

கைத்தொழில் பற்றிய எண்ணம் மேனாட்டிலும் காட்சி பற்றிய ஆய்வுக்கு மிக முந்தியது. பிலடெல்பியா நகரத்து மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், விடுதியில் விறகு பிளந்தும் தீ மூட்டியும் தோட்டத்தில் மண் கிளைத்தும் உழைத்த நோயாளர் பலர் குணமடைந்ததையும், உயர்குடிப் பிறப்பால் அவ்வேலைகளினின்று விலக்கப்பட்டோர் அங்கேயே கிடந்து தேய்ந்ததையும் குறித்தார். இரண்டாம் உலகப்போரின் பின் காயமுற்ற படைவீரர்க்கான மருத்துவமனைகளில் தோட்டவேலை பரவியது. 1970க்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தனிப்படிப்பும் தோன்றியது. 2011இல் நெதர்லாந்தில் இருவர் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று எம்மனோர்க்கு அவ்வளவு உவப்பானதன்று. தோட்டம் வைத்திருந்தோர் 30 பேருக்கு மனத்தை வருத்தும் ஒரு வேலை கொடுத்துப் பின்னர்ச் சிலரை அரைமணி நேரம் தோட்டத்தில் உழைக்கவும், சிலரை உள்ளே இருந்து நூல் படிக்கவும் விட்டனர். மன இறுக்கத்தில் உடல் சுரக்கும் கார்ட்டிசால் இருசாரார்க்கும் குறைந்தது. தோட்டத்தில் உழைத்தோர்க்கே மிகக் குறைந்தது. அவர்தம் மனநிலையும் பழையபடி தெளிந்தது. படித்தோர்க்கு அங்ஙனம் ஆகவில்லை. அவர்கள் முன்னரே தோட்டப்பற்று உடையோர் என்பதையும், ஒரு சாரார் வெளியிலும் ஒரு சாரார் உள்ளும் இருந்தனர் என்பதையும் கருதியே இம்முடிவைக் கொள்ளல் வேண்டும்.

காட்சியா தொழிலா என்பதோடு கபிலர் அமைந்தாரல்லர். தழுவுதல், நடுதல் என்னும் இரண்டு செயல்களை அவர் வரிசைப்படுத்திய முறை பாட்டின் உயிர்நிலை. தழுவும்போது செடி தலைவனுக்கு ஈடாக நிற்கின்றது. அவள் உடல்வெப்பமோ அணைப்பின் இறுக்கமோ, எதுவாயினும் இலை குழைகின்றது. குழைதல் என்பதற்கு வாடுதல், நெகிழ்தல், கசங்குதல் என எப்பொருள் கொள்ளினும் செடிக்கு ஊறு என்பது தெளிவு. அங்ஙனமே விட்டிருந்தால் செடி பட்டிருக்கும். தழுவுதல் நோயின் வெளிப்பாடு. அடுத்து அவள் அதனை நட்டாள். நடும்போது அது தலைவன் அன்று, செடி. அதற்கு மண் வேண்டும், நீர் வேண்டும், இடம் வேண்டும். தன் வேட்கையை அதன்மேல் ஏற்றியவள், அதன் தேவையை உணரும் நிலைக்கு வந்தாள். ஆற்றுதல் தொடங்கியது ஆண்டே என்பது எம் துணிபு. முயங்கலும் நடுதலும் என்று உம்மை கொடுத்துச் சேர்த்துச் சொன்னமையால் இரண்டும் ஒருதன்மைய எனக் கொள்வார் உளர். உம்மை எண்ணுதற் பொருட்டு, ஒப்புமைப் பொருட்டன்று.

அங்ஙனமாயின் தலைவி காந்தளையன்றோ வாழ்த்துதல் வேண்டும்? அவள் வாழ்த்துவதோ அன்னையை. இவ்விடத்தே 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு பெண் அறிஞர் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், ஒரு தளத்தில் வாழ்ந்தோரிடம் தம் வாழ்வுக்குத் தாமே பொறுப்பு என்று கூறி, விரும்பினால் ஒரு செடியைத் தாமே தேர்ந்தெடுத்துப் பேணலாம் என்றனர். மற்றொரு தளத்தாருக்கும் செடி கொடுத்தனர். ஆனால் நீர் வார்ப்பது செவிலியர் பொறுப்பு என்றனர். மூன்று வாரத்தின் பின் முதல் தளத்தார் கிளர்ச்சியும் சுறுசுறுப்பும் உடையராய்க் காணப்பட்டனர். மற்றவருட் பெரும்பாலோர் தளர்ந்தனர். செடி இருசாரார்க்கும் இருந்தது. பேணும் உரிமை ஒருசாரார்க்கே இருந்தது. அவ்வாய்வில் செடியோடு வேறு சில தேர்வுரிமைகளும் சேர்ந்திருந்தமையால் பயன் முழுவதும் செடியால் வந்தது எனல் கூடாது. 18 மாதத்தின் பின் முதல் தளத்தில் இறந்தோர் தொகை குறைவாக இருந்தது என்று 1977இல் எழுதினர். மறு ஆண்டு கணக்கில் ஒரு திருத்தம் வெளியாகி அம்முடிவின் வலிமை குறைந்தது. மூன்று வாரத்து முடிவை அத்திருத்தம் தொடவில்லை.

இவ்வாய்வை வைத்துக் கபிலருக்குப் பெருமை தேடுதல் எம் நோக்கமன்று. கபிலருக்கு அது வேண்டுவதும் அன்று. பாட்டில் உள்ள ஒரு சொல்லின் எடையை உணர்தற்கு அது உதவுகின்றது. விலக்காமை என்பது ஒன்றும் செய்யாமை போலத் தோன்றும். ஆயினும் நோயுற்றாரின் கையில் உள்ள சிறு செயலையும் பிடுங்கிக்கொள்வதே சுற்றத்தாரின் இயல்பு. ஈரத்தில் நிற்காதே, மண்ணைத் தொடாதே, வேலைக்காரர் பார்த்துக்கொள்வர் என்று அன்பினாலே தடுப்போம். செவிலியர் நீர் வார்த்த தளத்தில் நிகழ்ந்தது அதுவே. காவல் மிக்க இற்செறிப்புக் காலத்தில், ஆற்றில் வந்த செடியை மகள் தழுவி நிற்பதையும் அதனை வீட்டிற்குக் கொணர்வதையும் வாளா பார்த்திருந்த அன்னை செய்தது பெரிய செயலே.

அவ்வன்னை உண்மை அறிந்திருந்தாளா? இது விடுபடாத முடிச்சு. குறுந்தொகை 76இல் மலைநாடு காந்தளை வேலியாக உடையது எனப்படுகின்றது. ஆதலின் காந்தளை நடுதல் மலையூரில் வியப்பன்று. அன்னை ஐயுறாது இருந்திருக்கலாம். அறியாமல் விலக்காதிருந்தாள் எனின் தலைவியின் நன்றியில் மெல்லிய நகை ஒன்று கலந்திருக்கின்றது. அறிந்தே விலக்காதிருந்தாள் எனின் அந்நன்றி முழுநிறை உடையது. வானுலகமும் சிறிது என்னும் மிகையான அளவு பின்னதற்கே பொருந்தும் என்று எமக்குத் தோன்றுகிறது. வேலியில் நடும் செடியைத் தழுவி நிற்பாரைக் கண்ட தாய் ஒன்றும் அறியாள் என்றல் தாயின் அறிவைக் குறைத்தலாகும்.

வளர்த்த செடி எப்போதும் ஆற்றுமோ எனின், சான்றோர் அங்ஙனம் கூறவில்லை. நற்றிணை 172இல், மகளிர் மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்து, நெய் கலந்த பால் வார்க்கப்பெற்று மரமாகின்றது. அதனை அவர்க்குத் தங்கை என்று அன்னை கூறியிருந்தமையால், அதன் நிழலில் தலைவனோடு நகையாடத் தோழி நாணுகின்றாள். ஆண்டுச் செடி ஆறுதல் அன்று. உறவும் சான்றும் ஆகி நிற்கின்றது. நற்றிணை 179இல், வீட்டில் வளர்ந்த வயலைக் கொடியை ஈன்ற பசு தின்றது என்று, பந்தை எறிந்து பாவையை ஒதுக்கி வயிற்றில் அடித்துக்கொண்டு, தேன் கலந்த பாலும் உண்ணாது விம்மினாள் ஒரு சிறுமி. நேற்றுவரை அங்ஙனம் இருந்தவள் இன்று காளையொருவனோடு கடுஞ்சுரம் சென்றுவிட்டாள் என்பது தாயின் புலம்பல். பேணிய செடி அழியின் அதுவே புண்ணாகும். சிகிச்சைக்கென்று நோயாளியிடம் செடி கொடுப்போர், அது பட்டுப்போனால் யாது செய்வது என்பதை முன்னரே எண்ணுதல் நன்று.

இவ்வகையில் எம்மை மிக வருத்துவது கயமனார் பாடிய அகநானூறு 383. மகள் உடன்போயினாள். தாய், மகள் வளர்த்த வயலைக் கொடியின் முன் நிற்கின்றாள். அது வாடியிருக்கின்றது. அதன் தழை மகளின் இடைக்கு உடையாய் உதவியது. மகளோ தொடி அசைய, நிறைகுடம் ததும்ப நீர் முகந்து, தாயின் முகத்தை நோக்கியவாறே சிலம்பொலிப்ப வந்து நாள்தோறும் அதற்கு நீர் ஊட்டினாள். இனி அங்ஙனம் பேணுவாரை எங்கே பெறுவாய், இரங்கத்தக்காய் என்று தாய் கொடியிடம் கூறுகின்றாள். பாட்டு அவ்வளவில் முடிகின்றது. குடம் அருகில்தான் இருந்திருக்கும். அவள் நீர் வார்த்தாளா என்று கயமனார் கூறவில்லை.

361ஆம் பாட்டின் தலைவிக்கும் வரைவு நெருங்கிவிட்டது. அவள் கணவன் இல்லம் செல்வாள். அக்காந்தள் வந்த மலைக்கே செல்வாள். அங்கே அச்செடி அவளுக்கு வேண்டுவதன்று. சாரல் முழுதும் காந்தள். நட்ட செடி அன்னையின் முற்றத்திலே நிற்கும். அடுத்த மழைக்கு அது துளிர்க்குங்கால் அவ்வீட்டில் இருப்பவள், அன்று விலக்காது நின்ற அன்னை.